இரண்டு விரல் போதும்

அவளுடைய உண்மையான பெயரைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் தெருவிலும் அவள் மிளகாய். ஆள் சிறியவள், கோபம் பெரியது. வரிசையில் யாராவது முந்தினால் கோபம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் நாயை வெயிலில் கட்டிப்போட்டால் கோபம் வரும். விளையாட்டில் யாராவது அழுகுணி ஆட்டம் ஆடினால் சொல்லவே வேண்டாம். "மூக்கு நுனியிலேயே கோபத்தை வச்சுக்கிட்டுச் சுத்துறா" என்று அம்மா சொல்வார்.

அதெல்லாம் வந்த வேகத்தில் போகிற கோபம். அவளுக்கு வந்து, போகாமல் தங்கிவிட்ட ஒரு கோபத்தைப் பற்றியது இந்தக் கதை.

அம்மா வேலை பார்த்த பட்டறையில் ரோபோ செய்தார்கள். ரோபோ என்றதும் இரும்புக் கையும் சிவப்பு விளக்குக் கண்ணும் நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. இந்த ரோபோக்களைக் கிள்ளலாம், கசக்கலாம், சுருட்டிப் பைக்குள் வைக்கலாம். கீழே போட்டால் தொப்பென்று விழுமே தவிர உடையாது. எல்லாம் மெத்து மெத்தென்ற ரப்பர். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் காற்று.

அம்மாவுக்கு வார்ப்பு வேலை. பால் போன்ற இரண்டு திரவங்களைக் கிண்ணத்தில் ஊற்றிக் கலக்குவார். கலக்கும்போது உள்ளே குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். ஒரு குமிழ் தங்கினாலும் போச்சு. பிறகு காற்று ஏற்றும்போது அந்த இடம் வீங்கி வெடித்துவிடும். அதனால் கிண்ணத்தை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, குடுவையின் காற்றை இயந்திரத்தால் உறிஞ்சுவார்கள். பால் பொங்குவதுபோல் குமிழெல்லாம் மேலே வந்து உடைந்து போகும். பிறகு அச்சில் ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்து, இறுகியதும் வாழைப்பழத் தோலைப்போல் உரித்தெடுத்தால் ஒரு ரப்பர் விரல் கிடைக்கும். அதன் அடிப்பக்கம் ஒரு துணிப் பட்டையை ஒட்டுவார்கள். காற்று ஏறும்போது மேல்பக்கம் நீளும், துணி ஒட்டிய பக்கம் நீளாது. வேறு வழியில்லாமல் விரல் மடங்கும். நீள பலூனின் ஒரு பக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு ஊதிப் பார்த்தால் யாருக்கும் இது புரிந்துவிடும்.

அந்தப் பட்டறையில் ஒரு புதுக் கையுறை தயாரானது. அதன் புறங்கைப் பக்கம் ஐந்து ரப்பர் விரல்கள். பொத்தானை அமுக்கினால் காற்று ஏறி, உறைக்குள் இருக்கிற கையைத் தானாக மூட வைக்கும். அதை வரைந்து வடிவமைத்தவரைப் பிள்ளைகள் கண்ணாடி அக்கா என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒன்று, தலையில் ஒன்று என எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடியோடு இருப்பார். இரண்டில் எது வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

மிளகாயின் தம்பிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே அவனுடைய இடது கை விரல்களில் பலம் இல்லை. எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. கையுறையை மாட்டிப் பார்க்கப் பட்டறை மேலாளர் அவனை வரச் சொன்னபோது அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தன் கையால் வார்த்த விரல்கள் தன் பிள்ளைக்கே உதவப்போகின்றன என்று வழியெல்லாம் மிளகாயிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கையில் உறையை மாட்டினார்கள். மேசையில் ஒரு நீலக் கோப்பை இருந்தது. மேலாளர் தலையசைத்தார், கண்ணாடி அக்கா பொத்தானை அமுக்கினார். உஸ்ஸென்று காற்று ஏறியது. தம்பியின் விரல்கள் மடங்கிக் கோப்பையைப் பிடித்தன. அவன் அதைத் தூக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா சிரிச்சுக்கிட்டே தூக்கணும்," என்றார் மேலாளர். பெரிய மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த உறையை நிறைய வாங்குவார்களாம். அன்றைக்கு முகம் இப்படி உம்மென்று இருக்கக் கூடாதாம்.

தம்பி மறுபடி தூக்கினான். மறுபடி வைத்தான். மறுபடி தூக்கச் சொன்னார்கள். கடைசியில், பல் டாக்டரிடம் பல்லைக் காட்டுவதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தான். மேலாளருக்கு அது போதுமாக இருந்தது. மிளகாய்க்குத்தான் என்னவோ உறுத்தியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தம்பி, "நான் இனிமே அங்க வரமாட்டேன்," என்றான்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஏன் என்று கேட்டார், கையில் வலித்ததா என்று கேட்டார், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் ம்ஹூம் என்று தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அம்மா சமையலறையில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்.

மிளகாய்க்குத் தம்பி மேல்தான் முதலில் கோபம் வந்தது. நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று மேசைக்கு அடியில் குனிந்தாள்.

அவன் தன் காற்றுத் தவளையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ரப்பர் தவளை, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு ரப்பர்க் குமிழ். குமிழை அமுக்கினால் தவளை குதிக்கும்.

"எதுக்குடா வரமாட்டே? அம்மா எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது தெரியுமா?"

தம்பி குமிழை அமுக்கினான். தவளை குதித்தது. "அக்கா, தண்ணி குடிக்கணும்னா நான் எந்தக் கையால எடுப்பேன்?"

"வலது கையால."

"அப்புறம் எதுக்குக் கோப்பைய இடது கையால எடுக்கணும்?"

மிளகாய் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொத்தானையும் நான் அமுக்கல. அவங்க அமுக்கினா என் கை மூடுது. அவங்க விட்டா திறக்குது." அவன் இன்னொரு முறை தவளையைக் குதிக்க வைத்தான். "இது மாதிரி."

மிளகாய்க்குக் காது வரை சூடேறியது. தன் தம்பியின் கையை யாரோ பொத்தானை அமுக்கி ஆட்டுவதா? அதற்கு எல்லோரும் கைதட்டுவதா? அவளும்கூடத் தட்டினாளே.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டாங்க? எல்லாரும் அளவு எடுத்தாங்க. யாரும் கேக்கல." தவளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் கேக்கல," என்றான்.

இது நன்றாகச் சுட்டது. அவள் மேசைக்கு அடியில் நுழைந்து, தலையைத் தாழ்த்தி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, இப்போ கேக்கறேன். உனக்கு என்ன செய்யணும்?"

அவன் உடனே சொல்லவில்லை. காத்திருப்பது மிளகாய்க்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பென்சில் சீவணும்," என்றான் தம்பி.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. ஷார்ப்னரை ஒரு கை பிடிக்க வேண்டும், பென்சிலை ஒரு கை திருக வேண்டும். ஒரே கையால் அது நடக்காது. வகுப்பில் முனை உடையும்போதெல்லாம் பக்கத்துப் பையனிடம் நீட்ட வேண்டும். அவன் சீவித் தருவான். ஆனால், 'நான் என்ன உன் வேலைக்காரனா' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் தருவான். ஒருநாள் தம்பி ஷார்ப்னரைப் பல்லால் கடித்துக்கொண்டு சீவிப் பார்த்திருக்கிறான். வாயெல்லாம் மரத்தூள். அதைப் பார்த்த ஆசிரியர், பையன் பென்சிலைத் தின்கிறான் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா அன்றைக்குத் திட்டியது மிளகாய்க்கும் நினைவு இருந்தது.

"அது நான் தின்னது இல்ல," என்றான் தம்பி.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் பென்சிலை நீட்டவில்லை. மழுங்கிய முனையாலேயே எழுதினான். எழுத்து அழகாக இல்லை என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதினார்.

மறுநாள் பள்ளி விட்டதும் மிளகாய் நேராகப் பட்டறைக்குப் போனாள். கண்ணாடி அக்காவின் மேசை முன்னால் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கோப்பை, பொத்தான், தவளை, பென்சில், மரத்தூள். கண்ணாடி அக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து, சுத்தமாக இருந்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அஞ்சு விரலும் ஒரே குழாய்ல மடங்குது. இவ்வளவு சின்னப் பொருளை அதால பிடிக்க முடியாது," என்றார் மெதுவாக.

"அப்போ அஞ்சு எதுக்குக்கா? ஷார்ப்னரைப் பிடிக்க ரெண்டு விரல் போதுமே."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். என்ன சத்தம் என்று கேட்டார். கண்ணாடி அக்கா சொன்னார். மேலாளர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மிளகாய் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"பாக்க வர்றவங்களுக்கு அது கை மாதிரி தெரியணும்மா. ரெண்டு விரல் வச்சா நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும்."

"அது பாக்கறதுக்கா சார், பிடிக்கறதுக்கா?"

மேலாளரின் சிரிப்பு நின்றது. இது பெரியவர்கள் வேலை செய்கிற இடம் என்றும், வெளியே போய் விளையாடு என்றும் சொன்னார். மிளகாய் வெளியே போனாள். விளையாடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரை அது விழுந்துவிடும் என்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா தன் வேலைக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். மேலாளரிடம் வாய்க்கு வாய் பேசலாமா, நாளைக்கு நான் அவர் முகத்தில் விழிக்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். மிளகாய் எல்லாவற்றையும் இன்னொரு முறை, இப்போது மெதுவாகச் சொன்னாள். அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பென்சில் சீவத்தானா அன்னிக்கு?"

"ஆமாம்மா."

"கேக்காமலே திட்டிட்டேனே," என்றார் அம்மா. அதன் பிறகு மேலாளர் முகத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அன்று மாலை கண்ணாடி அக்கா வீட்டுக்கு வந்தார். தம்பி எங்கே என்று கேட்டார். மேசைக்கு அடியில் என்றார்கள். அவரும் குனிந்து உள்ளே நுழைந்தார். தலையில் இருந்த கண்ணாடி மேசையில் இடித்துக் கீழே விழுந்தது.

"தம்பி, டாக்டரைக் கேட்டேன், புத்தகத்தைக் கேட்டேன், மேலாளரைக் கேட்டேன். உன்னை விட்டுட்டேன். தப்பு என்னோடது. இப்போ சொல்லு, எப்படி இருக்கணும்?"

தம்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இவர் உண்மையாகத்தான் கேட்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மட்டும் போதும் என்றான். கையெல்லாம் வியர்க்கிற உறை வேண்டாம் என்றான். கடைசியாக, "அமுக்கறது நானாத்தான் இருக்கணும்," என்றான்.

அங்கேதான் சிக்கல் வந்தது. வலது கை பென்சிலைத் திருகும். இடது கை ஷார்ப்னரைப் பிடிக்கும். பொத்தானை எந்தக் கையால் அமுக்குவது? கண்ணாடி அக்கா யோசித்தார். அம்மா யோசித்தார். மிளகாயின் பார்வை தரையில் கிடந்த தவளை மேல் விழுந்தது. அதன் குமிழை எடுத்துத் தன் காலடியில் வைத்து மிதித்தாள். தவளை துள்ளி, கண்ணாடி அக்காவின் மடியில் போய் விழுந்தது.

"காலு சும்மாதானே இருக்கு," என்றாள்.

கண்ணாடி அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். தவளையிலிருந்து குமிழைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றலாமா என்று மிளகாய் தம்பியிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் கை வைத்தாள். அவன் தவளைக்கு ஒரு முறை முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுச் சரி என்றான்.

வேலை முடிந்த மாலைகளில் நான்கு பேரும் பட்டறையின் ஒரு மூலையில் கூடினார்கள். கண்ணாடி அக்கா புது அச்சு செய்தார். அம்மா வார்த்தார். முதல் விரலில் எப்படியோ ஒரு காற்றுக் குமிழ் தங்கிவிட்டது. தம்பி மிதித்ததும் அது தவளைத் தொண்டை மாதிரி வீங்கிப் புஸ்ஸென்று உடைந்தது. இரண்டாவது உடையவில்லை, ஆனால் பிடி வழுக்கியது. ஷார்ப்னர் விருட்டென்று பறந்து போய் அம்மாவின் தேநீரில் குதித்தது. அம்மா அதை வடிகட்டி எடுத்துக் கொடுத்தார்.

தம்பி தன் வலது கை விரல் நுனியை ரொம்ப நேரம் பார்த்தான். "நம்ம விரல்ல கோடு இருக்கு. இதுல இல்ல," என்றான்.

அவனுடைய விரல் நுனியையே களிமண்ணில் அழுத்தி அச்செடுத்தார்கள். மூன்றாவது முறை வார்த்த ரப்பர் விரல்களின் நுனியில் அவனுடைய ரேகை இருந்தது. குமிழை மிதித்தான். இரண்டு ரப்பர் விரல்களும் மெல்ல மடங்கி, அவனுடைய விரல்களைச் சேர்த்து, ஷார்ப்னரைப் பிடித்தன. காலை எடுக்கும் வரை விடவில்லை.

கண்ணாடி அக்கா அதை மேலாளரிடம் எடுத்துப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நண்டுக் கொடுக்கு விருந்தினர் கண்ணில் படக்கூடாது, கோப்பைதான், அதுவும் சிரித்துக்கொண்டே என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தம்பி, "நான் வர்றேன்," என்று மட்டும் சொன்னான்.

மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த முடியுள்ள பெண் மருத்துவர். மேலாளர் நீண்ட நேரம் பேசினார். பிறகு தம்பியை உட்கார வைத்து, ஐந்து விரல் உறையை மாட்டி, கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்தார். கண்ணாடி அக்காவுக்குத் தலையசைத்தார். கண்ணாடி அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி வலது கையால் கோப்பையை எடுத்தான். தண்ணீரைக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்தக் கை இல்ல தம்பி," என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி.

"இந்தக் கைதான் நல்லா இருக்கே சார்," என்றான் தம்பி.

மருத்துவர் முன்னால் சாய்ந்தார். "அப்போ அந்தக் கைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

கதவோரம் நின்றிருந்த மிளகாயின் நாக்கு நுனியில் முழுப் பேச்சும் தயாராக இருந்தது. நேற்றிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாய் திறந்தும்விட்டது. ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்ததில்லை.

தம்பி உறையைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து இரண்டு ரப்பர் விரல்களை எடுத்து, அவற்றைக் கட்டும் பட்டையைப் பல்லால் இழுத்து மாட்டினான். குமிழைக் காலடியிலும் ஷார்ப்னரை மேசையிலும் வைத்தான். "எனக்கு ஒரு பென்சில் வேணும்," என்றான்.

மருத்துவரே தன் பையிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். மொட்டைப் பென்சில். தம்பி மிதித்தான். விரல்கள் ஷார்ப்னரைப் பிடித்தன. வலது கை திருகத் தொடங்கியது. கிரீச் கிரீச்சென்ற சத்தம் மட்டும் கேட்டது. மரச் சுருள் ஒன்று அறுபடாமல் நீண்டு, மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அவன் முனையை ஊதிவிட்டு மருத்துவரிடம் நீட்டினான். அப்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை.

மருத்துவர் முனையைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரோட யோசனை?"

"எங்க பட்டறையோட..." என்று மேலாளர் தொடங்கினார்.

இப்போது மிளகாய் பொத்திய கையை எடுத்துவிட்டாள். ஆனால் அவளுக்கு முன்னால் அம்மா பேசினார். மேலாளர் முன்னால் குரலை உயர்த்தியே அறியாத அம்மா. "எம் பையனோட யோசனைங்க. கால்ல மிதிக்கறது எம் பொண்ணோடது. வரைஞ்சது இவங்க. வார்த்தது நான்."

மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்து விரல் உறையை அவர்கள் வாங்கவில்லை. ஆனால் அந்த மருத்துவமனைக்கு வருகிற பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புவதாகவும், ஒவ்வொருவரையும் கேட்டு அவரவருக்கு வேண்டியதைச் செய்து தரவேண்டும் என்றும் சொன்னார். மேலாளரின் முகம் சுருங்கி, யோசித்து, பிறகு மெல்ல விரிந்தது. அன்றைக்கு அவர் மிளகாயைப் பார்க்காமல்தான் போனார். அவளும் அவரைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முதல் பிள்ளை வந்தாள். ஆறு வயது இருக்கும். வலது கை விரல்களில் பலம் இல்லை. பின்னால் அவளுடைய அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மிளகாயும் தம்பியும் ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அந்தச் சிறுமியின் முன்னால் போனார். மிளகாய் முறைத்த முறைப்பில் பென்சில் முனை உடைந்தது.

மேலாளர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு முழங்கால் முறிவதுபோல் சத்தம் வர, தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, இந்தக் கையால உனக்கு என்ன செய்யணும்?"

சிறுமி யோசிக்கவே இல்லை. "அண்ணன் முடியைப் பிடிச்சு இழுக்கணும்."

அண்ணன் ஓர் அடி பின்னால் போனான். மேலாளர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி அக்கா தலையில் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, அண்ணனின் முடியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"அதுக்கு மூணு விரல் வேணும்," என்று சொல்லி, அளவு நாடாவை எடுத்தார்.